கைக்கு வராத காசு

2024 ஆகஸ்ட் 18. சென்னை கலைவாணர் அரங்கத்தில் கலைஞர் நூற்றாண்டு நினைவு நாணயத்தை மத்தியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் வெளியிட்டார். நாணயத்தின் முகமதிப்பு 100 ரூபாய். வெளியீட்டு விழாவை அடுத்து அண்ணா அறிவாலயத்தில் அது 10,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. வாங்க ஆள் இருந்தது. ‘தமிழ் வெல்லும்’ என்ற சொற்கள் தமிழ் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்ததால், கட்சி வட்டத்தைத் தாண்டி நாணயச் சேகரிப்பாளர்களும் அதற்காக அலைந்தார்கள்.

இதே சென்னையின் மேற்குப் புறநகரில் 10 ரூபாய் நாணயம் பட்ட பாட்டை அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூவிருந்தவல்லி பஸ் நிலையத்திலும் பல ஆண்டுகள் பார்த்தோம். “காயின் வேணாம் சார், நோட்டா குடுங்க” என்பார் கடைக்காரர். கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். பத்துக் கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளக்காசு என்று ஆளுக்கொரு இலக்கணம் சொல்வார்கள். கடைசியில் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: 10 ரூபாய் நாணயம் இதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும். அப்படியும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தயக்கம் போகவில்லை. 2022-ல் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த ஒருவர், இந்தப் புறக்கணிப்பை ஊருக்குக் காட்டுவதற்காகவே 10 ரூபாய் நாணயங்களாகச் சேர்த்து மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் சேலத்தில் கார் வாங்கியது செய்தியானது.

ஆக, அரசு அச்சடிக்கும் நாணயத்தில் இப்போது இரண்டு சாதி உண்டாகிவிட்டது. ஒன்று கைக்கு வருகிறது, அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இன்னொன்றை எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அது கைக்கு வருவதில்லை. நாணயச் சேகரிப்பு இன்று எங்கே நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

பிஸ்கட் டப்பாவில் ஒரு உலகம்

மேற்குப் புறநகர் நாணயச் சேகரிப்புக்குத் தோதான இடம். ஆவடியில் டேங்க் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று நாடெங்கிலுமிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அம்பத்தூரிலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் திரும்பியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. பூவிருந்தவல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த பிறகு கொரியர்களும் வந்தார்கள். நாரை பறக்கும் 500 வொன் நாணயமும், கடற்படைத் தளபதி யி சுன்-சின் முகம் பதித்த 100 வொன் நாணயமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் டப்பாக்களில் கிடப்பதற்கு அதுதான் காரணம். இலங்கை நாணயத்திலும் சிங்கப்பூர் நாணயத்திலும் தமிழ் எழுத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளை முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நம்ம காசுல ஏன் தமிழ் இல்ல?” அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சேகரிப்பு பெரும்பாலும் பாட்டி பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய், நாலு மூலை அஞ்சு பைசா. தாமரை பொறித்த மஞ்சள் 20 பைசா மட்டும் பூஜை அறையில் இருக்கும். லட்சுமி பூஜைக்கு 108 தாமரைக் காசு தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1968-லிருந்து 1971 வரை வந்த அந்தக் காசு கோடிக்கணக்கில் புழங்கியது, அதனால்தான் பூஜைக்கு 108 சேர்க்க முடிகிறது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முதுகெலும்பே இதுதான்.

பெட்டியில் இருப்பது தீர்ந்ததும் சேகரிப்பவருக்கு அடுத்த பசி எடுக்கிறது. அங்கேதான் புதிய நாணயங்கள் வருகின்றன.

75, 90, 125, 550

இந்திய அரசு முதன்முதலில் நினைவு நாணயம் வெளியிட்டது 1964-ல், நேரு மறைந்த ஆண்டில். 50 பைசாவும் ஒரு ரூபாயும் வந்தன. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாயோடு 10 ரூபாய் வெள்ளி நாணயமும் சேர்ந்தது. அப்போதிலிருந்தே இரண்டு பாதை போடப்பட்டுவிட்டது: சட்டைப்பைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று.

பெட்டிக்கான நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளில் அச்சாகின்றன. 2006-லிருந்து இவை ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. 2011-ன் நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் முகமதிப்பு வரை நாணயம் வெளியிடலாம். அதனால்தான் கடையில் கொடுத்தால் சில்லறை தர முடியாத மதிப்புகள் எல்லாம் வருகின்றன. நேருவின் 125-வது பிறந்த ஆண்டுக்கு 125 ரூபாய், குரு நானக்கின் 550-வது ஆண்டுக்கு 550 ரூபாய், 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 75 ரூபாய், 2024-ல் ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டுகளுக்கு 90 ரூபாய். இந்தியாவின் முதல் 1,000 ரூபாய் நாணயம் நம்முடையது: தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்காக 2010-ம் ஆண்டைப் பொறித்து வந்தது.

தமிழ்நாட்டு முகங்களின் வரிசையும் நீளம். காமராஜர், அண்ணா, சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., கலைஞர். 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார்.

இவற்றில் இரண்டு தரம் உண்டு. புழங்காத சாதாரண அச்சு ஒன்று, சேகரிப்பவர்கள் யூ.என்.சி. என்பார்கள். மற்றது சேகரிப்பவர்களுக்கென்றே மெருகேற்றி அடிக்கும் ப்ரூஃப். விலை வித்தியாசம் கணிசம். பளபளக்கும் பெட்டி, சான்றிதழ், அரசு முத்திரை என்று அலங்காரம் எல்லாம் கூடவே வரும். கேட்பவர் எண்ணிக்கையைப் பார்த்து, முன்பதிவு வாங்கி அடிக்கும் வழக்கமும் நீண்ட காலமாக உண்டு. ‘இப்போது விட்டால் கிடைக்காது’ என்ற நினைப்பு வாங்குபவர் மனதில் தானாகவே ஊறுகிறது. குறைந்த எண்ணிக்கை நாணயங்களின் கவர்ச்சியில் பாதி அதுதான்.

மீதிப் பாதி வேலைப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல அம்பத்தூரைவிட்டால் வேறு இடம் தேட வேண்டாம்.

காலரைப் பாருங்க, தம்பி

அம்பத்தூர் எஸ்டேட்டில் டை, அதாவது உலோக அச்சு, அடிப்பது தினப்படி வேலை. கார் உதிரிப்பாகத்துக்கும் சைக்கிள் பாகத்துக்கும் தகட்டை வெட்டி, அழுத்தி, வடிவம் கொடுத்து வளர்ந்த ஊர். அங்கே ஒரு டூல் ரூமில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் திருமுல்லைவாயிலில் இருக்கிறார். நாணயம் சேர்ப்பவர். பெயர் போட வேண்டாம் என்றார். நாடாளுமன்றக் கட்டடத்தின் 75 ரூபாய் நாணயத்தை அவர் முன் வைத்து, “இதுல என்னங்கய்யா விசேஷம்?” என்று கேட்டேன்.

விளிம்பை மட்டும் தொட்டு எடுத்தார். பத்து மடங்கு காட்டும் லென்ஸைக் கண்ணில் வைத்தார். சிங்கத் தலையையோ கட்டடத்தையோ அவர் பார்க்கவில்லை. நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினார்.

“காலரைப் பாருங்க, தம்பி. படத்தை எவன் வேணா செதுக்குவான். விளிம்புலதான் வேலை தெரியும்.”

அந்த நாணயத்தின் விட்டம் 44 மில்லிமீட்டர். விளிம்பில் 200 பற்கள். சுற்றளவைக் கணக்குப் போட்டால் 138 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் 200 பல், 200 பள்ளம். ஒரு பல்லுக்கும் அதன் பள்ளத்துக்கும் சேர்த்து முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. வட்டத் தகடு காலர் என்ற வளையத்துக்குள் உட்காரும். மேலிருந்து ஒரு டை, கீழிருந்து ஒரு டை. பல டன் அழுத்தத்தில் இரண்டும் நெருக்கும்போது உலோகம் களிமண்ணைப் போல நகர்ந்து எழுத்தின் இடுக்கிலும் காலரின் பல்லிலும் ஒரே நேரத்தில் போய் நிரம்ப வேண்டும். தகடு ஒரு நூல் குறைந்தால் பல் முழுசாக விழாது. கூடினால் விளிம்பில் பிசிறு தட்டும். “இதை நாங்க பர் அடிச்சிருக்குன்னு சொல்லுவோம். இதுல பாருங்க, விரல் வெச்சா வழுக்குது.”

ப்ரூஃப் நாணயம் இன்னும் நுணுக்கம். டையின் சமதளப் பகுதியைக் கண்ணாடியாகத் தேய்ப்பார்கள். உருவம் வரும் பள்ளங்களை மட்டும் சொரசொரப்பாக விடுவார்கள். தகட்டையும் மெருகேற்றி, ஒருமுறைக்கு மேல் அடிப்பார்கள். அதனால்தான் பின்னணி முகம் பார்க்கும் கண்ணாடியாகவும், உருவம் பனி படர்ந்த வெண்மையாகவும் தெரிகிறது. புழக்கத்துக்கான நாணயம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விழும். ப்ரூஃபுக்கு ஒவ்வொன்றாகக் கை போகும். மும்பையில் அடித்த ப்ரூஃபில் ஆண்டுக்குக் கீழே ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். ஊர்ப்பெயர் பம்பாயாக இருந்த காலத்தில் அது ‘பி’.

பெரியவரிடம் இன்னொரு ஆல்பம் இருந்தது. முழுக்க முழுக்கப் பிழை நாணயங்கள். நடு விலகி, பாதி வெற்றாக விழுந்த ஒரு ரூபாய். பிறைபோல ஓரம் வெட்டுப்பட்ட இரண்டு ரூபாய். ஒரே முகம் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் பதிந்த ஒன்று. முன்பு அடித்த நாணயம் டையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தகட்டை அழுத்தினால் இப்படி வரும் என்று விளக்கினார். “எங்க ஷாப்ல இதெல்லாம் ரிஜெக்‌ஷன் பின்னுக்குப் போயிருக்கும். சூப்பர்வைசர் கத்தியிருப்பார்.” பிழையில்லாமல் அடித்தே காலம் கழித்தவர், பிழைகளை மட்டும் தனி ஆல்பத்தில் வைத்திருக்கிறார். அவர் ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது.

அரிது என்பது எங்கிருந்து வருகிறது

இந்த வேலைப்பாட்டுக்காக ஒருவர் புதிய நினைவு நாணயத்தை வாங்கினால் அது நல்ல செலவு. காமராஜர் மேல் அன்பு, எம்.எஸ். குரல் மேல் பக்தி என்று வாங்கினாலும் கொடுத்த காசு வீணில்லை. ஆனால் ‘குறைந்த எண்ணிக்கை, பத்து வருஷத்தில் விலை பல மடங்கு’ என்று யாராவது சொல்லி வாங்கினால், நான் தடுப்பேன்.

காரணம் எளிது. நாணயம் அரிதாவது, பெரும்பாலும் அதை யாரும் பாதுகாக்க நினைக்காததால்தான். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய் வந்தபோது, அவர் கழுத்துச் சங்கிலியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம் மட்டுமே வெளியே போயிருந்தது. மீதியை அரசு உருக்கிவிட்டது. 1939-ம் ஆண்டு ஒரு ரூபாய்க்கும் இதே கதி. போர் வந்தது, வெள்ளி அருமையானது, அடுத்த ஆண்டிலிருந்து வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய தரத்தில் அடித்த 1939 நாணயம் மிகக் கொஞ்சமே தப்பியது. இந்த இரண்டையும் யாரும் ‘லிமிடெட் எடிஷன்’ என்று அறிவிக்கவில்லை.

இங்கிலாந்தில் 2009-ல் க்யூ தாவரவியல் பூங்காவின் 250-வது ஆண்டுக்கு 50 பென்ஸ் நாணயம் ஒன்று புழக்கத்துக்கு விட்டார்கள். அடித்தது 2,10,000 மட்டும். மக்கள் அதைக் கொடுத்துப் பால் வாங்கினார்கள், பஸ்ஸில் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பது பரவிய பிறகுதான் வேட்டை தொடங்கியது. அதற்குள் பல நாணயங்கள் தேய்ந்துவிட்டன. புத்தம் புதிதாக இருந்தவற்றுக்கு விலை ஏறியது.

இதோடு வெல்வெட் பெட்டியில் வரும் நாணயத்தை ஒப்பிடுங்கள். ஐயாயிரம் அடித்தால் ஐயாயிரமும் பிழைத்திருக்கும். ஒன்றுகூடத் தேயாது, தொலையாது, உருகாது. இருபது ஆண்டு கழித்தும் அத்தனை பெட்டியும் யாரோ ஒருவரின் அலமாரியில் அப்படியே இருக்கும், விற்க ஆள் தேடிக்கொண்டு. வெளியீட்டு விழா முடிந்த கையோடு ஏறும் விலை, பரபரப்பு அடங்கியதும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. கையில் மிஞ்சுவது வெள்ளியின் மதிப்பு. அதையும் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய கலவையில் வந்த 35 கிராம் நாணயத்தில் வெள்ளி சரிபாதிதான், 17.5 கிராம். மற்றதெல்லாம் செம்பு, நிக்கல், துத்தநாகம். ரிசர்வ் வங்கியின் 90 ரூபாய் நாணயம் 40 கிராம் தூய வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்தால், நாம் தரும் பணத்தில் உலோகத்துக்கு எவ்வளவு, ஆசைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும். பெரிய கோயிலின் 1,000 ரூபாய் நினைவு நாணயத்தை இன்று வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் தன் காலத்தில் அடித்த செப்புக்காசு, ஒரு பக்கம் பூவேந்தி நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் பக்கத்தில் நாகரியில் அவன் பெயரும், சுமாரான நிலையில் சில நூறு ரூபாய்க்கே வணிகர்களிடம் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தக் காசு அத்தனை கைகளில் ஓடியது. உப்புக்கும் நெல்லுக்கும் கொடுத்து வாங்கி, மண்ணுக்குள் புதைந்து, குவியல் குவியலாக மீண்டு வந்திருக்கிறது. ராஜராஜன் பெயரை ஈழத்துக் கடைத்தெரு வரை கொண்டுபோனது அந்தச் செம்பு.

பூவிருந்தவல்லியில் கிடைத்த உரிமை

மேற்குப் புறநகருக்கும் நாணயத்துக்கும் உள்ள உறவில் பலருக்குத் தெரியாத ஒரு பழைய பக்கம் உண்டு. 1639-ல் பிரான்சிஸ் டே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடற்கரையில் இடம் தேடியபோது, இந்தப் பகுதி தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் ஆளுகையில் இருந்தது. கடற்கரை விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர். அவர் தங்கியிருந்தது பூவிருந்தவல்லியில். அந்த ஆண்டு கம்பெனிக்குக் கிடைத்த சாசனத்தில் கோட்டை கட்டும் அனுமதியோடு நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. சென்னைப் பட்டணத்தின் நாணயச்சாலை அந்த உரிமையில் முளைத்ததுதான். கோட்டைக்குள் தொடங்கி, பின்னர் ஜார்ஜ் டவுனுக்கு நகர்ந்து, தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்து, 1869-ல் மூடப்பட்டது.

80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று கணக்கு ஓடிய காலம் அது. 1807, 1808 வாக்கில் எந்திரத்தில் அடித்த அரை வராகன் வெள்ளி நாணயத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம், சுற்றிலும் ஆங்கிலமும் பாரசீகமும். மறுபக்கம் தாமரையில் எழும் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். லண்டனில் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டிய வியாபாரக் கம்பெனி, சென்னையில் வாங்குபவனும் விற்பவனும் படிக்கிற எழுத்தில் நாணயத்தை அடித்தது. சந்தையில் செல்ல வேண்டுமானால் அதைவிட்டால் வழியில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. 1835-ல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தபோது கோபுரமும் போனது, தமிழும் போனது.

வள்ளுவர் பஸ் ஏறிய காலம்

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்திய நினைவு நாணயம் சாமானியன் கையில்தான் இருந்தது. 1970-களில் ‘எல்லோருக்கும் உணவு’, ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்ற முழக்கங்கள் சில்லறையில் வந்தன. 1982-ல் ஆசிய விளையாட்டு, 1985-ல் இந்திரா காந்தி, 1989-ல் நேரு நூற்றாண்டு, 1990-ல் அம்பேத்கர். ஒரு ரூபாயில் அம்பேத்கர் முகம் வந்தபோது சேரிக்கும் அது வந்தது, அக்ரகாரத்துக்கும் அதுவே போனது. எந்தச் சிலைக்கும் அப்படி ஒரு பயணம் வாய்க்காது.

1995-ல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் வந்தன. ஒரு ரூபாயிலும் வள்ளுவர் இருந்தார். அந்த ஆண்டுகளில் ஆவடியில் டிக்கெட் எடுத்தவருக்கு மீதியாக வள்ளுவர் கிடைத்தார். பட்டாபிராம் டீக்கடைக் கல்லாவில் வள்ளுவர் கிடந்தார். பஞ்சாபில் லாரி ஓட்டுநர் கையிலும் அசாமில் காய்கறிக்காரி முந்தானையிலும் அவர் இருந்திருப்பார். யார் இந்தத் தாடிக்காரர் என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

காமராஜர் நூற்றாண்டின் 5 ரூபாயும் அப்படி வந்ததுதான். 1955-ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியபோது தமிழ்நாட்டின் முதல்வர் அவர். அந்த ஆவடி மார்க்கெட்டிலேயே அரை நூற்றாண்டு கழித்து அவர் முகம் போட்ட காசு கைமாறியது. 2009 செப்டம்பர் 15 அன்று அண்ணா நூற்றாண்டு நாணயத்தைப் பிரணாப் முகர்ஜி சென்னையில் வெளியிட்டார். 5 ரூபாய் நாணயத்தில் அண்ணாவின் கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. ‘நம்ம காசுல தமிழ் இல்லையா’ என்று கேட்கும் பிள்ளைக்கு நான் எடுத்துக் காட்டுவது இதைத்தான். சில்லறையில் இன்னும் எப்போதாவது வரும். வந்தால் செலவழிக்க மனம் வராது.

பிறகு போக்கு மாறியது. சுதந்திரத்தின் 75-வது ஆண்டையொட்டி 2022 ஜூனில் ஒன்று முதல் 20 ரூபாய் வரை ஒரு வரிசை புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை பெட்டிக்குள் பிறந்து பெட்டிக்குள் இருக்கின்றன. கலைஞர் நாணயத்தில் தமிழ் வென்றது, ஆனால் அதைப் படிக்கப் பத்தாயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. குறைந்த எண்ணிக்கை நாணயங்கள்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அழகில் குறையில்லை, வேலைப்பாட்டில் குறையில்லை. ஒரு தலைவரை நாடே நினைவுகூர வேண்டும் என்று அரசு முடிவு செய்துவிட்டு, அந்த நினைவைச் சில ஆயிரம் பேருக்கு விற்கிறது.

பெயரில் நடக்கும் மோசடி

இந்த இடைவெளியில்தான் திருடர்கள் புகுந்தார்கள். அரிய நாணயம் என்றால் லட்சக்கணக்கில் விலை என்ற எண்ணம் ஊறிப்போன ஊரில், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்: வைஷ்ணவ தேவி உருவம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காயின் இருக்கிறதா, 10 லட்சம் தருகிறோம். டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கும் இதே கதை. நம்பி அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து வரி, அதற்கடுத்து கமிஷன் என்று கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே கடிதம் வரும். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாக எச்சரித்தது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை. வைஷ்ணவ தேவி நாணயம் 2012-ல் புழக்கத்துக்காகவே ஏராளமாக அடிக்கப்பட்டது. அது அரிதும் இல்லை, லட்சமும் பெறாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை மட்டும் சொல்லி வையுங்கள்: உங்கள் பொருளை வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான்.

1939 ரூபாய்க்குப் போலிகள் ஏராளம். 1938-ஐத் திருத்தி 1939 ஆக்குகிறார்கள், வார்ப்பில் ஊற்றுகிறார்கள். அசல் 11.66 கிராம், ஒரு தோலா எடை. நகைக்கடைத் தராசில் வைத்தாலே பாதி போலிகள் மாட்டிக்கொள்ளும். மீதியை விஷயம் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. பூமிக்கடியில் கிடைக்கும் புதையலுக்கு 1878-ன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடித்தளம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டியது கடமை. நூறு ஆண்டு தாண்டிய நாணயத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதற்கும் 1972-ன் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.

கடைசியாக ஒன்று, திருமுல்லைவாயில் பெரியவர் கட்டாயம் எழுதச் சொன்னது. பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதியும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்யும் சேவையைச் செப்புக்காசுக்குச் செய்தால் அதன் மேல்தோலே போய்விடும், மதிப்பும் அதோடு போகும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மலிவான பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும். சென்னையின் ஈரக்காற்றில் இதெல்லாம் சீக்கிரமே நடக்கும்.

ஒரு கோரிக்கை

இதை எழுதும் நேரத்தில் மத்திய நிதியமைச்சகத்திடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. ராஜேந்திர சோழன் நாணயத்தின் உருவம் தயாராகிவிட்டது, வெளியீடும் ஆகிவிட்டது. அதே உருவத்தைப் பன்னிரண்டு பட்டை 20 ரூபாயிலோ, பத்து ஆண்டுகளாக ‘செல்லாது’ பட்டம் சுமக்கும் 10 ரூபாயிலோ பொறித்துப் புழக்கத்துக்கு விடலாம். அண்ணாவின் கையெழுத்துக்கு இடம் கொடுத்த 2009-ன் முன்னுதாரணப்படி, ராஜேந்திரன் பெயரைத் தமிழ் எழுத்திலும் பொறிக்கலாம். வெல்வெட் பெட்டி வேண்டுபவர்களுக்கு ப்ரூஃப் தொடர்ந்து வரட்டும். அதை வாங்க நானும் வரிசையில் நிற்பேன். கூடவே புழக்கத்துக்குச் சில கோடி நாணயங்கள், நான்கு நாணயச்சாலைகளிலும் அடித்து, வங்கிக் கிளைகள் வழியாகச் சாதாரணச் சில்லறை மூட்டையில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வரட்டும்.